அமாவாசைத் தறி

ஆவணி மாதம், 1943. செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி.

ராசிபுரம் நெசவுத் தெருவில் ஒரு காலி வீட்டின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போன ஹெட் கான்ஸ்டபிள் மாரியப்பன், போன வேகத்திலேயே திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷ சர்வீஸில் அவர் எத்தனையோ பிணம் பார்த்தவர். ஆனால் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற பிணத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

உள் அறையில் ஓர் இளைஞன் சம்மணம் போட்டு, வலப்பக்கச் சுவரில் தோளைச் சாய்த்து, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு காதிலும் ஹெட்போன். அதன் ஒயர் மடியிலிருந்த ஒரு பெட்டிக்குப் போனது. பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் போய், சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்த மைக்கில் முடிந்தது. கழுத்தைச் சுற்றி, முறுக்கிய அரக்கு நிற நூல் சதைக்குள் புதைந்திருந்தது. கண் திறந்தே இருந்தது.

செத்தவன் பெயர் குழந்தைவேல். சேலத்தில் மருதாசலம் என்ற தனவந்தர் நடத்தும் டாக்கிக் கம்பெனியில் சவுண்ட் இஞ்சினியர். நடிகர்கள் பேசுவதையும் பாடுவதையும் பிலிமில் பதிவு செய்கிற வேலை. இந்தக் காலி வீடும் மருதாசலத்துடையதுதான். போன அமாவாசையன்று இங்கேதான் படம் பிடித்தார்கள். படத்தின் பெயர் 'குதிருக்குள் குலமகள்'. ஆத்தூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் தன் தம்பி மனைவியை நெல் குதிருக்குள் வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருந்தானே, ஜில்லா முழுக்கச் சிரித்துப்போன அந்த வழக்கைத்தான் கதையாக்கியிருந்தார்கள். நிஜத்தில் போலீஸ் போனபோது அவள் பிணமாகக் கிடந்தாள். பிணத்தை வைத்துக்கொண்டு டூயட் பாட முடியுமா? ஆகவே படத்தில் அவள் உயிரோடு வெளியே வந்து ஒரு பாட்டும் பாடுகிறாள்.

எட்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வீரபாகு சைக்கிளில் வந்து இறங்கினார். குமாரபாளையத்துக்காரர். அப்பன், பாட்டன் எல்லாரும் தறிக்குழியில் காலை விட்டவர்கள். இவர் ஒருத்தர்தான் தப்பித்துக் காக்கி நிஜாரில் காலை விட்டார். வாய் கொஞ்சம் நீளம். இறங்கியதும் அவருக்கு உறைத்தது தெருவின் அமைதிதான். தெருவில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும் வரை யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். ஜனமெல்லாம் வாசலில் நின்றது. ஒருத்தர் முகத்திலும் ரத்தமில்லை.

"முன்கதவு?"

"உள்ளே தாழ் போட்டிருந்துச்சுங்க ஐயா. நான்தான் உடைச்சேன்."

"பின்கதவு?"

"சும்மா சாத்தியிருந்துச்சுங்க. புழக்கடைச் சுவரு இடுப்பு உசரந்தானுங்க. கழுதைகூடத் தாண்டும்."

"அப்புறம் ஏன்யா ஊரே பேயடிச்ச மாதிரி நிக்குது?"

"பேயடிச்சுதுன்னுதானுங்க ஐயா சொல்லிக்கறாங்க."

இடப்பக்கத்து வீட்டு பூவாத்தாளை வீரபாகு முதலில் கூப்பிட்டார். நாற்பது வயசு. கதவு திறக்கவில்லை என்று ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பியவள் அவள்தான்.

"எப்ப வந்தார்?"

"நேத்து அந்தியிலங்க சாமி. ஒண்டியா வந்தாருங்க. காலம்பற காப்பி கொண்டாரேன்னு சொல்லியிருந்தனுங்க. தட்டித் தட்டிப் பாத்தேன், பதிலே இல்லீங்க."

"யார் கொன்னிருப்பாங்க?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அத்தாயிதானுங்க."

"எந்த வீடு?"

"அவ செத்து மூணு வருசமாச்சுங்க."

வீரபாகு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். "சொல்லுங்க."

"கடைசி ஊட்டு சரவணமுத்து அண்ணனோட சம்சாரங்க. ஆடிப் பதினெட்டுக்கு இந்தப் பக்கத்து வேலூர் ஆத்துல முழுகப் போன எடத்துல வெள்ளம் கொண்டுட்டுப் போயிருச்சு. பொணம்கூடக் கெடைக்கலை. அதுலிருந்து அமாவாசையானா தறி ஓட்டறாங்க. நாங்க ஒருத்தரும் அமாவாசைக்குத் தறியத் தொட மாட்டமுங்களே, தெருவே கம்முனு கெடக்கும். அப்ப மட்டும் அவ ஊட்டுப் பக்கம் அந்தரத்துல டக்கு டக்குனு கேக்கும். உசுரோட இருக்கறவ எவளாச்சும் அமாவாசைக்கு நெய்வாளாங்க?"

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உப்பு மொளகா சுத்திப் போடுவோம். வேப்பந்தழை கட்டுவோம். பொம்பளைகெல்லாம் சேர்ந்து தாம்பாளத்தைத் தட்டுவோம். கொஞ்ச நேரத்துல நின்னு போயிரும்ங்க."

"போன அமாவாசைக்கும் தட்டுனீங்களா?"

"எங்கீங்க? படம் புடிக்கறவங்க மூச்சுக்கூட விடக் கூடாதுன்னுட்டாங்க. அந்தக் கோவத்துலதான் இன்னைக்கு ஒரு உசுரை எடுத்துட்டா."

வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்துவிட்டது என்று வீரபாகு நினைத்துக்கொண்டார். ஆனாலும் அறைக்குள் திரும்பிப் போனார். குழந்தைவேல் சாய்ந்திருந்த சுவர் பொதுச்சுவர். அந்தப் பக்கம் சரவணமுத்துவின் வீடு. ஏதோ ஒன்றை அந்தச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறான். கேட்டதனாலேயே செத்திருக்கிறான். வீரபாகு தன் காதைச் சுவரில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

சரவணமுத்து கூப்பிடாமலே வந்து நின்றார். ஐம்பது வயசு, நெற்றி நிறைய விபூதி, துவைத்து மடித்த வேட்டி. நாலு தறி வைத்து நெசவு செய்விக்கிறவர். வரும்போதே போலீஸ்காரர்களுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்திருந்தார்.

"நேத்து இவரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தனுங்க. அமாவாசையன்னிக்கு உங்க ஊட்டுல தறி ஓடுச்சாங்கன்னு கேட்டாரு. சிவ சிவா, அன்னைக்கு நாங்க தறியத் தொடுவமான்னேன். சரிங்கன்னு போயிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் எதுக்குங்க பாக்கறேன்? சாப்பிட்டுப் படுத்துட்டேன்."

"உங்க சம்சாரம்தான் ஆவியா வந்து கொன்னதாப் பேசிக்கறாங்க."

சரவணமுத்து துண்டால் கண்ணைத் துடைத்தார். "மாசாமாசம் படையல் போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். ஆத்துல போன ஆத்மா, சாந்தியாக மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும் சாமி?"

அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதைத்தான் பின்னால் வீரபாகுவால் மன்னிக்கவே முடியவில்லை.

பிணத்தின் கழுத்திலிருந்து அறுத்தெடுத்த நூலில் ஒரு துண்டைக் கொடுத்து, தெருவில் எந்தத் தறியில் இந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்துவர மாரியப்பனை அனுப்பினார். மாரியப்பன் வீடு வீடாக ஏறி இறங்கித் திரும்பினார்.

"ஒரு தறியிலயும் இல்லீங்க ஐயா. எல்லாம் வெள்ளை வேட்டி. உலகச் சண்டை வந்ததுலிருந்து சாய நூலைக் கண்ணாலயே பாக்கலைங்கறாங்க. வெள்ளை நூலுக்கே நாயா அலையறாங்க. சரவணமுத்து ஊட்டுல மட்டும் ஒரு அறை பூரா நூல் மூட்டை, விட்டம் முட்ட அடுக்கியிருக்குது."

"பதுக்கலா? அதைச் சப்ளை ஆபீசர் பார்த்துக்குவார். நமக்குக் கொலை போதும்" என்றார் வீரபாகு.

கெட்டிக்காரனுக்கும் ஒரு நாள் கண் மறைக்கும். அன்று காலை பத்து மணிக்கு வீரபாகுவுக்குக் கண் மறைத்தது.

பத்தரைக்கு மருதாசலத்தின் கார் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. பெட்ரோல் ரேஷன் காலம், பின்னால் கரியடுப்பு கட்டிய கார். மருதாசலம் பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த குரலுமாக இறங்கினார். மாரியப்பன், சப்-இன்ஸ்பெக்டர் காதில், "இவருதானுங்க கொன்னிருக்கணும். கழுத்தைத் திருகிப்புடுவேன்னு போன வாரம் ஸ்டூடியோவுல எல்லார் முன்னாலயும் கத்துனாராம்" என்றார்.

"கத்துனீங்களா?"

"கத்துனேன் சார்! கத்தாம என்ன பண்றது? அமாவாசையன்னிக்குப் புடிச்ச ரீல் பூரா டக்கு டக்குனு ஒரு சத்தம். இன்னொரு தடவை எடுக்கணும்ங்கறான். பிலிம் இன்னைக்குக் குதிரைக்கொம்பு. வேலை தெரியாதவனேன்னு திட்டினேன். ஊரெல்லாம் தறியை நிறுத்தற நாளாப் பாத்து, அமாவாசையாப் பாத்துத்தானே படம் புடிச்சோம்? அப்புறம் எங்கிருந்துடா சத்தம் வரும்னு கேட்டேன். கண்டுபுடிக்காம உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டுப் போனான் சார், பாவி." பெரிய குரல் உடைந்துபோனது.

"ஐயா, புடிச்சு உள்ள வெச்சிரலாமுங்களா?" என்றார் மாரியப்பன்.

"சண்டை போட்ட முதலாளி வந்து நின்னா ஹெட்போனைக் கழட்டாம முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருப்பானாய்யா? இவன் காதை அடைச்சுக்கிட்டு எதையோ கேட்டுக்கிட்டிருந்திருக்கான். பின்னால ஆள் வந்ததே தெரியலை." வீரபாகு மருதாசலத்திடம் திரும்பினார். "அந்த ரீலை நான் கேட்கணும். இப்பவே."

பிணத்தை ஆஸ்பத்திரி வண்டி வரும் வரை அங்கேயே வைக்கவும், யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளவும் மாரியப்பனிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மதியம் ஒன்றரை மணி. கஞ்சமலை அடிவாரத்தில் தகரக் கொட்டகையும் தென்னந்தோப்புமாக இருந்த ஸ்டூடியோவில், சின்னத் தியேட்டரை இருட்டாக்கி ரீலை ஓட்டினார்கள். பின்வரிசையில் கதாநாயகி ராசாத்தி வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்தாள். நாடகக் கம்பெனியிலிருந்து வந்த பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

திரையில் அதே அறை. கறுப்புச் சேலை கட்டிய ராசாத்தி சுவரில் கன்னத்தை வைத்து விசும்புகிறாள். விசும்பலுக்குப் பின்னால், எங்கேயோ பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி, டக்... டக்... டக்...

"ஜெனரேட்டர்தான் சார்" என்றார் மருதாசலம்.

"பேசாதீங்க."

டக்... டக்... சத்தம் நின்றது. வீரபாகு நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மெதுவாக ஒன்று, மெதுவாக இரண்டு, அப்புறம் பழைய வேகம்.

ஜெனரேட்டர் நடுவில் நின்று, அறுந்த இழையை முடிந்துவிட்டு, முடிச்சு தாங்குகிறதா என்று இரண்டு அடி மெதுவாக அடித்துப் பார்க்காது. வீரபாகுவின் அம்மா தறியில் அப்படித்தான் அடிப்பாள்.

"விளக்கைப் போடுங்க" என்றார்.

ராசாத்தி எழுந்து வந்தாள். "சார், நான் ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே? நான் கன்னத்தை வெச்சப்ப அந்தச் சுவர் அதிர்ந்துச்சு. நடிப்பு வரலைன்னு டைரக்டர் திட்டிக்கிட்டே இருந்தார். அது அதிர ஆரம்பிச்சதும் பயத்துல நிஜமாவே அழுதுட்டேன். அந்த அழுகையைத்தான் எல்லாரும் பிரமாதம்னாங்க. குழந்தைவேல் அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன். நான் சொல்லாம இருந்திருந்தா அவர் போயிருக்க மாட்டார்."

"அவர் போனதாலதான் ஒரு உயிர் பிழைக்கும்னு நினைக்கிறேன். பிழைக்குதான்னு பார்ப்போம்."

"இன்னொண்ணு சார். ராசிபுரத்துக்குத்தானே போறீங்க? அந்தப் பக்கத்து வீட்டு விபூதிக்காரர், எங்க வீட்டுச் சேலையை நடிகை கட்டினா பெருமைன்னு குடுத்தார். திருப்பிக் குடுத்துடுங்க." ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள்.

வீரபாகு பிரித்தார். திரையில் கறுப்பாகத் தெரிந்த சேலை நேரில் கறுப்பு இல்லை. நல்ல அரக்கு. கஞ்சிப் பசையின் விறைப்பு இன்னும் போகாத புதுச் சேலை. சட்டைப்பையிலிருந்த நூல் துண்டை எடுத்து அதன்மேல் வைத்தார். எது சேலை, எது நூல் என்று தெரியவில்லை.

"காரை எடுங்க! அந்தச் சுவருக்குப் பின்னால உயிரோட ஒரு பொம்பளை இருக்கா. சத்தத்தைக் கேட்டவனையே கொன்னவன், சத்தம் போடறவளை இன்னைக்கு ராத்திரி தாண்ட விடுவானா?"

அந்தப் பிரயாணத்தை வீரபாகு ஆயுசு முழுக்க மறக்கவில்லை. கரி கார் மேட்டைக் கண்டால் மூச்சிரைத்தது. இரண்டு இடத்தில் இறங்கி அடுப்பைக் கிளறவேண்டி வந்தது. காலையில் அந்தச் சுவரில் காதை வைத்து, சத்தமில்லை என்று திரும்பி வந்தோமே என்று அவர் வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டார். சத்தமில்லை என்றால் வாயைக் கட்டியிருக்கிறான். அல்லது கட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டான். மருதாசலம் பக்கத்தில் உட்கார்ந்து முருகா, முருகா என்று முனகிக்கொண்டே வந்தார்.

நாலு மணிக்கு நெசவுத் தெருவில் கார் நுழைந்தது. கடைசி வீட்டின் பக்கச் சந்தில் ஒரு மாட்டுவண்டி நின்றது. சரவணமுத்து ஆள் வைத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மாரியப்பன் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்!

"என்னய்யா இது?"

"நூல் மூட்டைங்க ஐயா. நாளைக்குச் சப்ளை ஆபீசர் வந்தா மானம் போயிரும், வேலூர்ல மச்சான் ஊட்டுல போட்டுட்டு வந்தறேன்னாருங்க..."

"யாரைக் கேட்டு விட்டே?" வீரபாகு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

சரவணமுத்து கையைக் கூப்பினார். "தப்புதானுங்க சாமி, ஒத்துக்கறேன். நூலைப் பதுக்குனது நெசந்தான். தண்டம் போடுங்க, கட்டறேன். செயிலுக்குன்னாலும் வாரேன். இப்பவே கூட்டிட்டுப் போங்க."

"கேட்காமலே ஒத்துக்கறீங்களே, பெரிய மனசு." வீரபாகு மாரியப்பன் இடுப்பிலிருந்த கத்தியை உருவி முதல் மூட்டையைக் கிழித்தார். வைக்கோல் கொட்டியது. இரண்டாவது. அதுவும் வைக்கோல். ஒவ்வொரு மூட்டையைக் கிழிக்கும் முன்னும், இதற்குள் அவள் கை தட்டுப்பட்டுவிடுமோ என்று விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாமே வைக்கோல்தான். வண்டியின் அடியில் ஒரு சாக்கு மட்டும் காலியாகக் கிடந்தது. ஓர் ஆள் கொள்ளும் அளவு.

தெரு மொத்தமும் சந்தில் கூடிவிட்டது. பூவாத்தாள் முன்னால் நின்றாள்.

"இந்தப் பஞ்சத்துல ஒரு நூல் மூட்டைக்குத் தங்க விலை. அறை கொள்ளாம வெச்சிருக்கறவன் ஒரு மூட்டையைக்கூட விக்காம மூணு வருஷம் பார்த்துக்கிட்டு இருப்பானா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க. இவன் வைக்கோல்ல மறைச்சிருக்கான்" என்றார் வீரபாகு. "மாரியப்பன், இவனைப் பிடிச்சுக்க. குழந்தைவேலைக் கொன்னது இந்தச் சரவணமுத்து. மிச்ச மூட்டையை எல்லாம் இழுத்துப் போடுங்க. பின்னால கதவு இருக்கும். சீக்கிரம்!"

நாலு பேர் உள்ளே ஓடினார்கள். சரவணமுத்து நின்ற இடத்தில் நின்றபடியே, "அத்தாயி ஆவிதானுங்க..." என்று ஆரம்பித்தார்.

"ஆவியா?" வீரபாகு தெருப் பக்கம் திரும்பினார். "பூவாத்தாளம்மா, உங்க பேய் எத்தனை நாள் நெய்யும்?"

"அமாவாசைக்கு மட்டுந்தானுங்க சாமி."

"இல்லைம்மா. தினமும் நெய்யுது. மத்த நாள்ல தெருப்பூரா தறி ஓடுது. அந்த இரைச்சல்ல உங்களுக்குக் கேட்கலை. நீங்கெல்லாம் நிறுத்தற அன்னைக்குத்தான் கேட்குது. உயிரோட இருக்கறவ எவளும் அமாவாசைக்கு நெய்ய மாட்டான்னீங்களே, அதுலதான் எல்லாரும் ஏமாந்தோம். அமாவாசைன்னு தெரிஞ்சாத்தானே நெய்யாம இருக்க? வானத்தையே பார்க்காதவளுக்கு அமாவாசை ஏது, பௌர்ணமி ஏது? உங்க தறிச் சத்தம் வைக்கோலைத் தாண்டி அவளுக்குக் கேட்காது. நீங்க தாம்பாளம் தட்டினதும் அமாவாசைன்னு தெரிஞ்சிரும், நிறுத்திருவா. போன தடவை படக்காரங்க உங்களைத் தட்ட விடலை. அவ நெய்துகிட்டே இருந்தா. மைக்கு கேட்டுக்கிச்சு."

வீரபாகு சரவணமுத்துவைக் கை காட்டினார்.

"இவன் அரக்குச் சேலையை நடிகைக்குக் குடுத்தான். புதுச் சேலை. இந்தத் தெருவுல சாய நூலையே கண்ணால பார்க்காத காலத்துல, இவன் ஒளிச்சு வெச்ச பழைய சாய நூலை யார் நெய்தது? நேத்து குழந்தைவேல் வந்து தறி ஓடுச்சான்னு கேட்டதும் மாட்டிக்குவோம்னு இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. உள்ளே போய் அவளை நிறுத்தியிருக்கான். அந்தத் தறி நூல் கையிலேயே இருந்திருக்கு. புழக்கடைச் சுவரைத் தாண்டி வந்து, அவன் காதை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அதாலயே முடிச்சான். படத்துல கறுப்பாத் தெரிஞ்ச சேலையை நேர்ல பார்த்ததும்தான் எனக்குப் புரிஞ்சது. கழுத்துல இருந்ததும் அதே அரக்கு நூல்."

சரவணமுத்துவின் முகத்திலிருந்த சாந்தம் அப்போதுதான் கழன்றது. "என்ர பொண்டாட்டி, என்ர ஊடு! மாசத்துக்கு ஒருக்கா அப்பன் ஊட்டுக்கு ஓடறவளை என்ன பண்ணச் சொல்றே? கோயில்ல வெச்சுக் கும்பிடட்டுமா? கஞ்சி ஊத்தித்தான் வெச்சிருந்தேன்!"

உள்ளேயிருந்து மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வீரபாகு ஓடினார்.

மூட்டைகளுக்குப் பின்னால், குனிந்தால்தான் நுழையக்கூடிய கதவு. அதற்குள் ஜன்னலில்லாத ஓர் அறை. ஒரு குழித்தறி, ஒரு மண்சட்டி, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. தறியில் அரக்கு நூல் பாவு பாதியில் நின்றது. குழிக்குள் ஒருத்தி மடங்கிக் கிடந்தாள். கையைப் பின்னால் கட்டி, வாயில் துணியை அடைத்திருந்தது. வீரபாகு அவள் மூக்கருகே விரலை வைத்தார். சுடச்சுட மூச்சு வந்தது. "அப்பாடா, கடவுளே!" என்று போலீஸ்காரர் என்பதை மறந்து கத்தினார்.

படத்தில் குலமகள் வெளியே வரும்போது ஆகாயத்தைப் பார்த்துப் பாடுவாள். கட்டை அவிழ்த்து வெளியே கூட்டிவந்த அத்தாயியால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வெளிச்சம் பட்டதும் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, மறு கையால் வீரபாகுவின் தோளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பாதி நரைத்த தலை. சோகை பிடித்த தோல். கூட்டம் தானாகப் பின்வாங்கியது. சின்னக் குழந்தை ஒன்று அலறியது. மருதாசலம் தன் மேல்துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார்.

பூவாத்தாள் மட்டும் பின்வாங்கவில்லை. கால் தடுமாற முன்னால் வந்து அவள் கையைப் பிடித்தாள். சூடான கை, மனுஷக் கை என்று தெரிந்ததும் ஓவென்று அழுதுவிட்டாள்.

"ஏஞ்சாமி, இப்படிக் கெடந்தியா? ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? ரெண்டு ஊடு தள்ளித்தான இருந்தோம்? ஒரு வார்த்தை, அத்தாயி!"

அத்தாயி முகத்தை மூடிய கையை எடுக்கவில்லை. மூன்று வருஷமாகப் பேசாத குரல், கரகரத்துக்கொண்டு வந்தது.

"கூப்பிட்டனுங்க அக்கா. மொத அமாவாசைக்குத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்."

பூவாத்தாளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. செத்தவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது என்பார்கள். அன்றைக்கு அவள் கதவைத் தாழிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கூப்பிடுவது நிற்கும் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.